குடித்துக் காட்டிய எண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு விவசாயிகள் வைத்த பெயர் ‘ஸ்பூன்’. அவர் கூட்டத்துக்குக் கூட்டம் காட்டும் வித்தைக்குக் கிடைத்த பட்டம் அது. பேச்சு முடியப்போகும் நேரம் பார்த்து, சட்டைப்பையிலிருந்து பளபளவென்று ஒரு ஸ்பூனை எடுப்பார். மேசைமேல் இருக்கும் கேனைத் திறந்து, சிந்தாமல் ஊற்றி, கடைசி வரிசையில் தூங்குகிறவனும் விழித்துப் பார்க்கும்படி உயரத் தூக்கி, வாயில் விட்டு விழுங்குவார். “பார்த்தீங்களா? பூச்சிக்குத்தான் எமன். மனுஷனுக்குப் பால் மாதிரி!” என்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

கைதட்டியவர்களில் ஒருவராவது அதற்குப் பிறகு அவர் எங்கே போகிறார் என்று பார்த்திருக்க வேண்டும். கூட்டம் நடந்த அன்றெல்லாம் எங்கள் வீட்டுக் கழிவறை அவருக்குத்தான். அந்த எண்ணெய் வயிற்றில் தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். கதவுக்கு வெளியே நின்று, “கூட்டம் எப்படிங்க?” என்று கேட்பேன். “பிரமாதம்” என்று உள்ளேயிருந்து முனகல் வரும். இப்படி ஒரு பிழைப்பு.

நான் அவருக்குக் கழுத்தை நீட்டியபோது அவர் லாரிப் பட்டறைகளுக்கு என்ஜின் ஆயில் விற்றுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெய். எங்கே போனாலும் எண்ணெயை விட்டு அவர் விலகவில்லை, எண்ணெயும் அவரை விடவில்லை. என்ஜின் ஆயில் விற்ற காலத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. லாரிக்காரர்கள் ஏமாற மாட்டார்கள். கதை அளந்தால், “யோவ், வேற வேலை இருந்தா பாரு” என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர் அடக்க ஒடுக்கமாக இருந்தார். வீட்டுக்கு வந்தால் கிரீஸ் வாசனை அடிக்கும், பேச்சு கம்மியாக இருக்கும். அந்த மனுஷனோடு ஒருவாறு குடித்தனம் நடத்த முடிந்தது.

தோட்ட எண்ணெய்க் கம்பெனி அவரை எடுத்த பிறகுதான் தலைகால் புரியாமல் போனது. பழைய விஷ மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். பெரிய கடைகளில் ‘மருந்தடிக்காத பழம்’ என்று தனி அடுக்கு வந்துவிட்டது. அந்த அடுக்குப் பழத்தைத் தொட்டுப் பார்க்கவே நமக்கெல்லாம் பயம், அப்படி விலை. பழம் விளைவிக்கிறவர்களெல்லாம் விஷம் இல்லாமல் பூச்சியை எப்படிக் கொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது இந்த எண்ணெய் வந்து இறங்கியது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, நிறமும் நாற்றமும் போகச் சுத்தம் செய்தால் கிடைக்கிற வெள்ளை எண்ணெய். தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும். மரத்தில் அடித்தால் செதில் பூச்சி, மாவுப்பூச்சி, இலைப்பேன் எல்லாவற்றின் மேலும் படலமாகப் படிந்து மூச்சை அடைத்துவிடும். அவ்வளவுதான் அதன் ரகசியம். விஷம் என்றால் பூச்சி நாளடைவில் பழகிக்கொள்கிறது. மூச்சு விடாமல் இருக்க எந்தப் பூச்சியும் பழகவில்லை. இயற்கை விவசாயச் சட்டத்திலும் இந்த எண்ணெய்க்கு அனுமதி உண்டு. விற்பனை எகிறாமல் என்ன செய்யும்?

கம்பெனிக்காரர்கள் கேனில் ஒரு பச்சை இலைப் படம் போட்டார்கள். அந்த இலை எந்த மரத்து இலை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

“என்னங்க, இது பெட்ரோலுக்குச் சித்தப்பா பையன்தானே? இதைப் போய் இயற்கைங்கறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பூமிக்குள்ள இருந்துதானே வருது? பூமி இயற்கை இல்லையா?”

“பாம்பு விஷம்கூட இயற்கைதான். அதையும் ஸ்பூன்ல ஊத்திக் குடிச்சுக் காட்டுங்களேன்.”

“உனக்கு வியாபாரம் தெரியாது” என்று கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பது வழக்கம். பக்கத்திலேயே நான் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருப்பேன். மெஷின் ஓடும்போதும் அவர் குரல்தான் கேட்கும். அதனால் அந்தப் பேச்சு முழுக்க எனக்கு மனப்பாடம். “உச்சி வெயில்ல அடிக்காதீங்க. தண்ணி காணாம வாடின மரத்துல அடிக்காதீங்க. கந்தகம் போட்ட மரத்துல ஒரு மாசத்துக்கு இந்த எண்ணெயைக் கிட்டகூட கொண்டு போகாதீங்க. போனீங்கன்னா இலை வெந்துடும்.” விரலை நீட்டி, புருவத்தைத் தூக்கி, உபதேசம் செய்வது மாதிரி சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வரும். பொய்யில்லாத பகுதி அதுதான்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கூடப்பிறந்தவள். கணவர் போன பிறகு ஆரஞ்சுத் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனியாக என்றால் தனியாகத்தான். குழாய் உடைந்தால் அவள்தான் ஒட்டுவாள், ஏணி வைத்துக் கிளை வெட்டுவதும் அவள்தான். அவளுக்கு ஒரு கொழுந்தன். நிலத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. அண்ணன் இறந்து துக்கம் ஆறுவதற்குள், மனை போட்டு விற்கலாம் என்று ஆள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அக்கா பேசிப் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். இயற்கை விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்து மூன்று வருஷம் விஷமில்லாமல் விளைவித்தால் சங்கத்தின் முத்திரை கிடைக்கும், பழத்துக்கு நல்ல விலை வரும், அவன் பங்குக்கும் அதில் வரும். “சங்கத்துல இருக்கற வரைக்கும் வச்சுக்குங்க அண்ணி. அவங்க வெளிய அனுப்பிட்டா அப்புறம் பேச்சே கிடையாது, வித்துடலாம்” என்று கொழுந்தன் சொல்லிவிட்டான். சங்கத்திலோ ஒரே ஒரு கண்டிப்பான சட்டம். மரத்தில் எதை அடித்தாலும் யாரிடமும் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால் வெளியே. மன்னிப்பு, இரண்டாம் வாய்ப்பு எதுவும் கிடையாது. மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் உட்காரக்கூட இடம் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்காரருக்கு அக்கா தோட்டத்தின் மேல் கண் விழுந்தது. கம்பெனி மேலாளர் வருகிறார், கடைக்காரர்களையும் சங்கத்து ஆட்களையும் கூட்டி, ஒரு நிஜத் தோட்டத்தில் எண்ணெய் அடித்துக் காட்ட வேண்டும். “அக்கா தோட்டம்தான் சரி. ரோடு பக்கம், கார் நிறுத்த இடம் இருக்கு. அக்காவுக்கும் இலவசமா எண்ணெய் கிடைக்கும்” என்றார். எனக்கும் நல்ல காரியம் என்றுதான் பட்டது. அக்கா மரங்களில் செதில் பூச்சி அப்பிக்கிடந்தது உண்மை.

முந்தின நாள் மத்தியானம் நாங்கள் இருவரும் தோட்டத்துக்குப் போனோம். நாற்காலி எங்கே போடுவது, மேலாளர் எங்கே நிற்பது, வெயில் எந்தப் பக்கம் விழும், போட்டோவுக்குப் பின்னால் எந்த மரம் என்று அவர் அளந்துகொண்டிருந்தார். அக்கா குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள்.

“தம்பி, ஒரு விஷயம். இலைப்பேன் தொல்லை தாங்காம போன வாரம்தான் எல்லா மரத்துக்கும் கந்தகம் அடிச்சேன். நீங்க குடுத்த ஒட்டுப்பசையும் கலந்து அடிச்சேன். எண்ணெய் அடிக்கலாமா?”

அவர் நின்றுவிட்டார். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். கேள்வி காதில் விழுந்தது, மண்டையில் ஏறியது, என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. எல்லாம் முகத்தில் வரிசையாக வந்து போயின. பிறகு சிரித்தார். விற்பனைச் சிரிப்பு.

“முந்தாநேத்து மழை பெஞ்சதே அக்கா. எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிருக்கும்.”

மழையாம்! நான்கு தூறல். கொடியில் கிடந்த துணி நனைகிற அளவுக்குக்கூட இல்லை. அதிலும் அக்கா கலந்தது இவரே கொண்டுவந்து தலையில் கட்டிய ஒட்டுப்பசை. ‘அடைமழை பெய்தாலும் மருந்து இலையை விட்டு இறங்காது’ என்று அந்தப் பசைக்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிறார், கண்ணாடி முன்னால் அதையும் கேட்டிருக்கிறேன்.

வரும் வழியிலேயே ஆரம்பித்தேன். “என்னங்க, ஒரு மாசம் ஆகணும்னு நீங்கதானே சொல்வீங்க? தள்ளி வைங்களேன்.”

“மேலாளர் டிக்கெட் போட்டாச்சு. கடைக்காரங்க எல்லாரும் வர்றாங்க. தள்ளி வைக்கறதாம்!”

“அப்ப வேற தோட்டம் பாருங்க.”

“ராத்திரிக்குள்ள எங்க போய்ப் பாக்கறது? சும்மா தொணதொணக்காத. நான் இந்தத் துறையில இருக்கறவன். உனக்குத் துணி வெட்டத் தெரியும், அதைப் பாரு.”

அக்காவுக்கு போன் செய்து, “வேண்டாம்னு சொல்லிடு” என்றேன். “அவரே சொல்றாரேடி. அவருக்குத் தெரியாதா?” என்றாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். அவருக்குத் தெரியும்.

மறுநாள் தோட்டமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பிஸ்கட் தட்டுகள், கம்பெனி பெயர் போட்ட தொப்பிகள். மேலாளர் கழுத்து டையை இறுக்கிக்கொண்டு, மண்ணில் ஷூ அழுந்தாமல் தத்தித் தத்தி நடந்தார். சங்கத் தலைவர் நர்சரி வைத்திருப்பவர், மெதுவாகப் பேசுகிற ஆள். அவர் ஒரு இலையைத் தடவிப் பார்த்து விரலை முகர்ந்தார்.

“இலை மேல மஞ்சளா ஏதோ படிஞ்சிருக்கே, என்ன இது?”

எங்கள் வீட்டுக்காரர் கண் இமைக்கவில்லை. “மகரந்தம்ங்க. மரம் நல்ல ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்.”

மேலாளர் தலையாட்டினார். கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். நர்சரிக்காரரும் கடைசியில் தலையாட்டினார். அக்கா பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்ததால் அது அவள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தும் ஓடிப்போய் அவளிடம் சொல்லாமல் நின்றேனே என்று இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். தெளிப்பான் உறுமியது. பால் போன்ற எண்ணெய்த் தண்ணீர் மரத்துக்கு மரம் அபிஷேகம் மாதிரி இறங்கியது. முடிந்ததும் ஸ்பூன் வெளியே வந்தது. குடித்தார், கைதட்டினார்கள். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து கழிவறைக்கு ஓடினார். நான் கதவுக்கு வெளியே நின்று எதுவும் கேட்கவில்லை.

சில நாளிலேயே இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. அப்புறம் புள்ளி புள்ளியாக வெந்தது. பிஞ்சுகளின் தோல் காய்ந்து சொரசொரத்து, தொட்டால் உதிர்ந்தது. நான் போனபோது அக்கா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். காற்று வீசாமலே இலை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிஞ்சை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே, “பார்த்தியாடி?” என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். முதலில் அனல் காற்று என்றார். பிறகு தண்ணீர் குறைவு என்றார். நேற்றுத்தான் பாய்ச்சினேன் என்று அக்கா சொன்னதும், அப்படியானால் தண்ணீர் அதிகம் என்றார். அதன் பிறகு அக்காவின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். போன் அடித்தால் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டு டிவி பார்ப்பார். சூடு சொரணை என்று ஒன்று இருந்தால் அந்த டிவி மண்டையில் ஏறியிருக்குமா?

இலை கொட்டிய சேதி சங்கத்துக்குப் போய்விட்டது. யாரோ, “களைக்கொல்லி அடிச்சா இப்படித்தான் கருகும்” என்று கொளுத்திப் போட, மற்றவர்கள் ஊதிப் பெரிதாக்கினார்கள். தடை செய்த மருந்தைத் திருட்டுத்தனமாக அடித்துவிட்டாள் என்று பேச்சு. அக்காவை விசாரிக்கக் கூட்டம் போட்டார்கள். கொழுந்தனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவனும் வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்றான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார். “சங்கத்துல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல, நிபுணர்ங்கற முறையில.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். “போய் என்ன சொல்லப் போறீங்க?”

“உண்மையைத்தான்.”

“எந்த உண்மையை?”

“உண்மைல இந்த உண்மை, அந்த உண்மைன்னு வேற இருக்கா?” என்று கண்ணாடிப் பக்கம் போனார். அன்றைக்கு மட்டும் சத்தம் போட்டுப் பேசிப் பார்க்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நானும் வருகிறேன் என்றேன். “உனக்கு அங்க என்ன வேலை?” என்றார். “அக்காவுக்குத் துணைக்கு” என்றேன்.

சங்கத்துக் கட்டடம் ஒரே ஒரு நீள அறை. சுவரோரம் உர மூட்டை அடுக்கியிருந்தது, நடுவில் பெஞ்சுகள். அக்கா முன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் கதவுக்குப் பக்கத்தில், நல்ல சேதி கேட்டதும் எழுந்து ஓடுவதற்கு வசதியாக. நர்சரிக்காரர் கருகிய கிளை ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“களைக்கொல்லியா இது? நீங்க விஷயம் தெரிஞ்சவர், சொல்லுங்க.”

எங்கள் வீட்டுக்காரர் கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர் நாடி பிடித்த மாதிரி கண்ணை மூடித் திறந்தார். “இல்லைங்க. களைக்கொல்லி கிடையாது. கந்தகம் போட்ட மரத்துல எண்ணெய் பட்டா இப்படித்தான் வேகும். கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியச் சொல்றேனே, அதான் இது.”

எனக்கு ஆச்சரியம். அட, மனுஷன் வாயில் ஒருவழியாக உண்மை வந்துவிட்டதே என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் பெருமைகூடப் பட்டேன்.

“ஆனா பாருங்க,” என்று குரலை இறக்கினார், “இந்தம்மா கந்தகம் போட்டதை என்கிட்ட மறைச்சுட்டாங்க. சொல்லியிருந்தா அடிக்க விடுவேனா? பாவம், விவரம் தெரியாம செஞ்சுட்டாங்க. பெரிய மனசு பண்ணி இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க.”

இந்தம்மா! எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தபோது தன் வீட்டில் அறை ஒழித்துக்கொடுத்தவள், அவர் சட்டையைக்கூடத் துவைத்துப் போட்டவள், இப்போது இந்தம்மா. அதோடு மன்னிப்பு வேறு! இவர் செய்த தப்புக்கு அவளைச் சபையில் நிறுத்தி இவரே மன்னிக்கிறார்.

பெஞ்சுகளில் முணுமுணுப்பு. “மறைச்சா வெளிய. அதுதானே சட்டம்?” என்று ஒருவர் சொல்ல, கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வாயைத் திறந்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்து மூடிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. இவர் பேர் கெட்டால் வேலை போகும், என் தையல் மெஷினை நம்பி அடுப்பு எரியாது என்று கணக்குப் போடுகிறாள். தோட்டம் கையை விட்டுப் போகிற நேரத்தில் என் அடுப்பைப் பற்றி யோசிக்கிறாள், பைத்தியக்காரி.

நான் எழுந்து நின்றேன்.

“மறைக்கலைங்க. முந்தின நாளே சொன்னா. பக்கத்துல நான் நின்னேன். ஒட்டுப்பசை கலந்ததையும் சேர்த்துச் சொன்னா. வீட்டுக்குப் போற வழியில நானும் சொன்னேன். தெரிஞ்சேதான் அடிச்சார்.”

எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். “என் சம்சாரம்ங்க. காலைல வீட்ல ஒரு சின்னச் சண்டை. அதை இங்க கொண்டு வந்துட்டா.”

“சண்டையே இன்னும் ஆரம்பிக்கலைங்க” என்றேன்.

ஒருவர் சிரித்துவிட்டு இருமி மறைத்தார். நர்சரிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்கு இலை மேல மஞ்சளா இருந்துச்சு. நான் கேட்டதுக்கு மகரந்தம்னீங்க. பிஞ்சு பிடிச்ச மரத்துல இலை பூரா மகரந்தம் எங்கிருந்து வந்துச்சு? எனக்கு அப்பவே உறுத்துச்சு.”

உறுத்தியதாம்! உறுத்தியவர் அப்போதே கேட்டிருக்க வேண்டியதுதானே? ஸ்பூன் மேலே போனபோது கைதட்டியவர்களில் இவரும் ஒருவர். ஆனாலும் இப்போதாவது வாயைத் திறந்தாரே என்று விட்டுவிட்டேன்.

“சொன்னாங்களா, இல்லையா? ஒரே வார்த்தை” என்றார் நர்சரிக்காரர்.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. “அது... சொல்லியிருக்கலாம். நாற்காலி போடற அவசரம். காதுல விழுந்திருக்காது.”

அப்போதுதான் அக்கா எழுந்தாள்.

“விழுந்துச்சு தம்பி. ‘மழை கழுவிட்டுப் போயிருக்கும்’னு பதில் சொன்னீங்களே. காதுல விழாதவரு எப்படி பதில் சொன்னாரு?”

தெரியும், சொன்னாள், தப்பு என்னுடையது. இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. சபை நடுவே எண்ணெயை விழுங்குகிறவருக்கு இதைச் சொல்ல முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, “எனக்கு வேற ஒரு மீட்டிங் இருக்கு” என்று வெளியே போய்விட்டார். அக்கா மறைக்கவில்லை, அடித்த இரண்டும் அனுமதி உள்ளவைதான், சங்கத்தில் தொடரலாம் என்று முடிவு சொன்னார்கள். கொழுந்தன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடையைக் கட்டினான். அந்த வருஷ விளைச்சல் போனது போனதுதான். தோட்டம் தங்கிவிட்டது.

அவர் வேலை போய்விடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ‘தப்பு எண்ணெய்மேல் இல்லை, கந்தகத்தோடு சேர்த்ததுதான்’ என்று ஒரு சங்கமே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டதல்லவா? சந்தேகத்தில் இருந்தவர்களெல்லாம் தைரியமாக வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் கேன்கள் பறந்தன. ஒரு கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, “நீ அன்னைக்குப் பேசினது ஒரு வகையில நல்லதாப் போச்சு” என்று என்னைப் பாராட்டினார். கேக்கை நான் தொடவில்லை. அவரே உட்கார்ந்து தின்றார்.

பட்ட கிளைகளை வெட்டி எடுத்தால்தான் மரம் தளிர்க்கும். நான் மத்தியானமெல்லாம் அக்கா தோட்டத்துக்குப் போய்க் கிளை வெட்டினேன். சாயங்காலம் வீட்டுக்குத்தான் திரும்பினேன், வேறு எங்கே போவது? ஒரு மாதம் கழித்து, மரம் பச்சை பிடித்த பிறகு, அவர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு மேலாளரோடும் போட்டோக்காரரோடும் தோட்டத்து கேட்டில் வந்து நின்றார். கம்பெனி காலண்டருக்குப் படம் வேண்டுமாம். ‘மறுவாழ்வு பெற்ற தோட்டம்’ என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தார்கள்.

அக்கா கேட்டைப் பாதி திறந்தாள். “அன்னைக்கு நான் சொன்னேனா, சொல்லலையா தம்பி? இவங்க முன்னால சொல்லிட்டு உள்ள வாங்க.”

“அதெல்லாம் எதுக்குக்கா இப்ப...” என்று இழுத்தார். மேலாளர் வாட்சைப் பார்த்தார்.

அக்கா அவர் கையிலிருந்த கேனை வாங்கி உள்ளே வைத்தாள். கேட்டைச் சாத்தினாள். “எண்ணெய் நல்ல எண்ணெய்தான்டி” என்று என்னிடம் சொல்லிவிட்டு வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனாள். சாத்திய கேட்டுக்கு முன்னால் அவரை நிற்க வைத்தே போட்டோ எடுத்தார்கள். சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் காலண்டர் இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. படத்தில் அவர் பல்லெல்லாம் தெரிகிறது. அவர் தோளுக்குப் பின்னால், கேட்டுக் கம்பிகளுக்கு உள்ளே, சின்னதாக ஒரு பெண் ஏணியில் நின்று காய்ந்த கிளையை வெட்டிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் எண்ணெய் வாங்க வந்த ஒருவர், “பின்னால யாருங்க அந்தம்மா?” என்று கேட்டார்.

“தோட்டத்துல வேலை செய்யறவங்க” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். “எங்க அக்கா. தோட்டம் அவளோடது. உக்காருங்க, சொல்றேன்” என்று அந்த ஆளை உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஆள் கேட்டு முடித்து, கந்தகம் போட்டு எவ்வளவு நாள் கழித்து அடிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் என்னைத்தான் தாண்டிப் போக வேண்டும்.